துண்டு போட்ட இடம்

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில், எனக்கு இன்னார் பக்கத்தில் இடம் வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. செத்த வரிசையில்தான் குழி. போன மாதம் செத்தவருக்குப் பக்கத்தில் இந்த மாதம் செத்தவர், அவருக்குப் பக்கத்தில் அடுத்துச் சாகப்போகிறவர். புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் சரி, ஒரே வயிற்றில் பிறந்தவர்களாக இருந்தாலும் சரி, இடையில் வேறொரு சாவு விழுந்துவிட்டால் பிரிந்து படுக்க வேண்டியதுதான். ஒரு வரிசை முடிந்தால் அடுத்த வரிசை. சமாதி கட்டக் கூடாது. தலைமாட்டில் ஒரு சிலுவை, அதில் பெயர், அவ்வளவுதான்.

பக்கத்து ஊர்ச் சபைக்காரர்கள் இதை வைத்து எங்களைக் கேலி செய்வார்கள். "உங்க ஊர்ல செத்தாலும் ரேஷன் கடை மாதிரி லைன்லதான் நிக்கணுமா?" என்று என் வண்டியில் ஏறிய ஒரு பெரிய மனிதர் கேட்டார். நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். அரியலூரிலிருந்து திருமானூர் வழியாகத் தஞ்சாவூர் ஒரு காலம், பெரம்பலூர் ஒரு காலம், ஜெயங்கொண்டம், மீன்சுருட்டிப் பக்கம் ஒரு காலம். வாய்க்கு வாய் கொடுத்தே பழகியவன். "ஆமா சார், எங்ககிட்ட ரிசர்வேஷனே கெடையாது, முந்துனா மொத எடம்" என்றேன். வண்டியே சிரித்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் பெருமைக்குக் காரணம் இருந்தது. எங்கள் முன்னோர்கள் கரும்பு வெட்டவும் கதிர் அறுக்கவும் கூலிக்குப் போனவர்கள். எல்லோரும் ஒரே சாதிக்காரர்களும் இல்லை. ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் கோயிலுக்குள் நீங்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம் என்றுதான் உட்கார்ந்தார்களாம். கல்லறைத் தோட்டத்துக்கு என்று ஒரு துண்டுத் தரிசு கிடைத்தபோது, அதையும் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. அந்த வாரம் ஆராதனையில் வாசித்த சுவிசேஷப் பகுதி, தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர்களின் கதை. விடியற்காலையில் போனவனுக்கும் பொழுது சாயப் போனவனுக்கும் ஒரே கூலி. கூலிக்காரர்களுக்கு அந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. காலையில் போனவன் முணுமுணுத்ததுதான் நியாயம் என்று பாதிப் பேர் கோயிலிலேயே சண்டை போட்டார்களாம். சண்டை போட்டுப் போட்டுக் கடைசியில் வந்து நின்ற இடம் இதுதான். மண்ணுக்குள்ளாவது வந்த வரிசையில் படுப்போம், பக்கத்தில் யார் என்று பார்க்க வேண்டாம்.

அதிலிருந்து இன்னொன்று முளைத்தது. இதை எந்தப் போதகரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் படுத்தவர்களின் வீடுகள் ஒருவருக்கொருவர் சொந்தமாகிவிடும். வரிசைச் சொந்தம் என்போம். கிறிஸ்துமஸ் அன்று முதல் தட்டு, முறுக்கும் அதிரசமும் ஒரு சீப்புப் பழமும், வரிசைச் சொந்தத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டில் கடைசியாகச் செத்தவரின் பக்கத்து வீடுகளுக்குத்தான் அந்தத் தட்டு. ரத்த சொந்தமெல்லாம் அதற்கு அப்புறம். ஈஸ்டர் விடியற்காலை கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை நடக்கும்போது, அவரவர் தங்கள் வீட்டுக் கல்லறையிலும் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற கல்லறைகளிலும் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். பிழைப்புத் தேடி ஊரைவிட்டே போய்விட்ட வீட்டின் கல்லறைகூட இருட்டில் கிடக்காது.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு தங்கச்சி இருந்தாள். உடன்பிறந்தவள் இல்லை, என்னை அண்ணே என்று கூப்பிடுவாள், என் மனைவியை அண்ணி என்பாள். கோயிலைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். சின்ன வயது. அவனுக்கு விழுந்த இடம், யாரோடு வரப்புச் சண்டை போட்டுப் போலீஸ் ஸ்டேஷன்வரை போனானோ அந்த மனிதருக்குப் பக்கத்தில். அவர் இரண்டு மாதம் முந்தி இறந்திருந்தார். முதல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீட்டுத் தட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போய் வந்தன. தட்டை வாசலில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினார்களாம். இப்போது அந்த இரண்டு வயலுக்கும் ஒரே மோட்டார். எங்கள் சபைக்கு யாராவது புதிதாக வந்தால் இந்தக் கதையைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம்.

என் மனைவி மாசி மாதம் போனாள். காலையில் இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் பெரம்பலூர் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அடுப்பை அணைத்தேனா, கொல்லைக் கதவைச் சாத்தினேனா என்று கேட்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. தூக்கத்திலும் எதையாவது முனகுவாள். ஆம்புலன்ஸில் அவள் பேச்சு நின்றதும், டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவளுக்கு வரிசையில் விழுந்த இடம், ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாருக்கு மேற்கே. நல்ல மனிதர். ஆனால் அவர் பிள்ளைகள் திருப்பூர் போய்விட்டார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது. அடக்க ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். அவளுக்கு மேற்கே வெறும் தரை. அடுத்துச் சாகிறவருக்கு உள்ள இடம். சீக்கிரம் போய்விட்டால் அது எனக்கு என்று நினைத்தேன். வாழ்நாளெல்லாம் டிக்கெட் கிழித்தவன், அன்றைக்குத்தான் எனக்கு ஒரு சீட்டு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. ஆனால் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போல.

மகள் ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது மாடி. மாப்பிள்ளை தங்கமானவர். காலையில் இருவரும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் சாயந்திரம்வரை நானும் லிஃப்ட் சத்தமும்தான். யாரோ வருகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன், லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காமல் மேலே போய்விடும். அங்கே இருக்கும்போதுதான் சபை வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. சபை மூப்பராக இருந்த பெரியவர் இறந்துவிட்டார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் போன துக்கம் இல்லை அது, சொல்லிவிடுகிறேன். மேற்குப் பக்கத்து இடம் போய்விட்டதே என்ற துக்கம்.

ஊர் திரும்பிய அன்றைக்கு வீட்டுக்குள் பையை வைத்துவிட்டு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். என் மனைவியின் சிலுவை. அதற்கு மேற்கே ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு வெறும் தரை. அதற்கும் அப்பால் புது மண்மேடு, பெரியவரின் சிலுவை. எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் சபையில் குழி வெட்டுவதற்குக் கூலியாள் கிடையாது, ஆண்கள் நாங்களேதான் வெட்டுவோம். சபைப் பையன்கள் ஓர் இடத்தை விட்டுவிட்டுத் தள்ளி வெட்டியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவர்களில் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களுக்குத்தான் மாமா விட்ருக்கோம். யாரும் ஒண்ணும் சொல்லல" என்றான். அந்த வரிசை ஆரம்பித்த காலத்திலிருந்து யாருக்கும் செய்யாததை எனக்குச் செய்திருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தது. அவள் போன பிறகு முதல் தடவையாக அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

போதகர் புதிதாக மாற்றலில் வந்தவர், இளைஞர். குழி விஷயத்தில் அவர் தலையிடுவதில்லை. மற்றவர்களும் என்னைப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகத் தலையாட்டினார்கள், அதோடு சரி. நானும் வாரம் ஒருமுறை போய் அந்த வெறும் தரையில் முளைக்கிற புல்லைப் பிடுங்கிவிட்டு வந்தேன். சொந்த வீட்டு மனையைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி ஒரு நிம்மதி.

வீட்டில் அந்த நிம்மதி இல்லை. ஓர் ஆளுக்குச் சமைக்கிற அளவு எனக்குப் பிடிபடவே இல்லை. ரசம் வைத்தால் மூன்று வேளைக்கு வரும். டிவியைப் போட்டு வைப்பேன், அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். கண்டக்டர் வேலையில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேச்சுப் பேசியிருப்பேன். இப்போது சில நாள் பால்காரரிடம் "போதும்" என்று சொன்னதோடு என் பேச்சு முடிந்துவிடும். சாயந்திரம் என் குரல் இருக்கிறதா என்று இருமிப் பார்த்துக்கொள்வேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. மகளுக்கு லீவு இல்லை. நான் கடையில் முறுக்கு வாங்கித் தட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிழக்கே வாத்தியார் வீடு பூட்டிக் கிடக்கிறது. மேற்கே யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது? பெரியவரின் வீட்டம்மா காலையில் கோயிலில் என்னிடம் வந்து, "தம்பி, நமக்கு நடுவுல எடம் இருக்கே, நம்ம வரிசைச் சொந்தமா இல்லியான்னு கேட்டேன், யாருக்கும் தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை. எங்கள் சபையில் நடுவில் இடம் விட்டதே கிடையாது, அதனால் அதற்கு வழக்கமும் கிடையாது. அவர் தட்டு கொண்டுவரவில்லை, நானும் கொண்டுபோகவில்லை. அதுவரை என் வீட்டு வாசலில் முதல் தட்டு வராத கிறிஸ்துமஸை நான் பார்த்ததில்லை. தெருவில் தட்டுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தன. நான் வாங்கிய முறுக்கை நானே ஒரு வாரம் தின்றேன்.

அப்போதும் எனக்கு அந்த இடத்தின் மேல் கோபம் வரவில்லை. வாத்தியாரின் திருப்பூர்ப் பிள்ளைகள் மேல்தான் வந்தது.

ஈஸ்டர் விடியற்காலை ஆராதனைக்கு எல்லோரும் மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்தில் கூடினோம். நான் என் மனைவிக்கு ஒன்று ஏற்றினேன். வாத்தியாருக்கு ஒன்று ஏற்றினேன். மூன்றாவது கையில் இருந்தது. மேற்கே திரும்பினால் வெறும் தரை. என்ன செய்வது என்று தெரியாமல் அதையும் தரையில் குத்தி வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, எனக்கு நானே ஏற்றியிருக்கிறேன்.

பின்னால் எதிர்வீட்டுத் தங்கச்சி நின்றுகொண்டிருந்தாள். "என்னண்ணே, துண்டு போட்டு எடம் புடிச்சாச்சா?" என்றாள்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பஸ் நிற்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டைப் போடுகிறவர்களோடு நான் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன் என்று ஊருக்கே தெரியும். துண்டெல்லாம் டிக்கெட் எடுக்காது, எடுங்க என்று தூக்கி எறிந்தவன் நான். எனக்குச் சுருக்கென்றது.

"ஏன், ஒனக்குப் பொறுக்கலியா?" என்றேன்.

"எனக்கென்ன. அண்ணிய நெனச்சாத்தான் பாவமா இருக்கு. நீங்க நைட் ஆல்ட் வண்டிக்குப் போயி வெளியூர்ல படுத்த அன்னிக்கெல்லாம், வூட்டுல தனியாப் படுக்கப் பயந்துக்கிட்டு என்னையத்தான கூப்புடும். பாயச் சுருட்டிக்கிட்டு நான்தான வருவேன். இப்ப இந்தப் பக்கம் வெறுந்தரையாக் கெடக்கு. நீங்க எப்ப வந்து சேர்றது? இன்னும் இருவது வருசம் கல்லுக்குண்டாட்டம் இருப்பீங்க."

"எம் பொண்டாட்டியப் பத்தி எனக்குத் தெரியும். நீ ஒன் வேலையப் பாரு."

அவள் சிரிப்பு போய்விட்டது. இரண்டாவது வரிசையைக் கை காட்டினாள். "எம் புருசன் அங்க கெடக்குறாரு, வரப்புச் சண்டக்காரரு பக்கத்துல. எனக்கு ஒரு எடம் விடுங்கன்னு நான் யாரையாவது கேட்டனா?"

போதகர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் என்ன பேசினார் என்று எனக்கு ஒரு வார்த்தை நினைவில்லை. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் நான் மறுநாளே மறந்திருப்பேன். உண்மையாக இருந்ததால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எதிர் எதிர் வீடு. அவள் வாசல் தெளிக்க வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். மற்ற நாட்களில் பேசுவதற்கு எனக்கு இருந்த ஒரே ஆளையும் நானே நிறுத்திக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு காலை அந்த வீட்டிலிருந்து அவள் மகனின் அலறல் கேட்டது. அவன் ஆலத்தியூர் பக்கம் ஓர் ஆலையில் காண்டிராக்ட் வேலைக்குப் போகிறவன், அன்றைக்குப் பகல் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறான். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஆறிப்போன காப்பி. அவ்வளவுதான்.

மழை நாலைந்து நாளாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவது என்று முடிவானது. அவள் மகள் ஜெயங்கொண்டத்திலிருந்து வர வேண்டும், வந்துகொண்டிருந்தாள். நாங்கள் மண்வெட்டி, கடப்பாரையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கரிசல் மண் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பெரியவரின் கல்லறைக்கு மேற்கே அளந்து, ஜெபம் செய்து, வெட்ட ஆரம்பித்தார்கள். வயதைச் சொல்லி என் கையில் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை, குடையைக் கொடுத்தார்கள்.

முழங்கால் ஆழம் போவதற்குள் ணங் என்றது. எங்கள் பக்கம் பூமிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. அதை நம்பித்தானே இத்தனை சிமெண்ட் ஆலைகள். பெரியவரின் குழியிலேயே ஓர் ஓரத்தில் பாறை தட்டியதாம். கொஞ்சம் நகர்த்தி வெட்டிப் பார்த்தார்கள், அங்கேயும் ணங். இந்த வரிசை இதோடு சரி என்றான் ஒருவன். அடுத்த வரிசை ஆரம்பிக்கலாம் என்றால் அங்கே முழுக்கச் சீமைக்கருவை. வேரோடு பிடுங்க ஜேசிபி வர வேண்டும், இந்தச் சேற்றில் ஜேசிபி வராது. ஒருவர் மாற்றி ஒருவர் கடப்பாரையைப் போட்டார்கள். சில்லுச் சில்லாக வெள்ளைக் கல் தெறித்தது. குழியில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது.

அந்த வெறும் தரை ஐந்தடி தள்ளிக் கிடந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அதைப் பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை நான் பார்த்தேன். என்னிடம் கேட்பதைவிடப் பாறையை உடைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

நான் குடையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். பாறை உடையட்டும் என்று ஜெபம் செய்தேன். கோயிலில்கூட அவ்வளவு ஊக்கமாக நான் ஜெபித்ததில்லை. ஆண்டவரே, இன்னும் ஒரு சாண் போனால் மண் வரும்படி செய்யும் என்று கேட்டேன். இங்கே விட்டுக்கொடுத்தால் எனக்கு வேறு எதுவும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் பேசவில்லை. கடப்பாரைதான் பேசியது.

வேலை செய்தவர்களில் மூத்தவன் குழியிலிருந்து ஏறி வந்து முகத்தைத் துடைத்தான். "மேலாவே வச்சிட்டு மண்ணத் தூக்கி மூடிருவோமா? நாய் கீய் தோண்டாம மேல கல்லப் போட்ருவோம்" என்றான். அதைச் சொல்ல அவனே வெட்கப்பட்டான் என்று குரலிலேயே தெரிந்தது.

கோயிலைக் கூட்டியவள். என் வீட்டுக்குப் பாய் சுருட்டிக்கொண்டு வந்தவள். அவளைக் கால்வாசிக் குழியில் வைத்துக் கல்லைப் போடப் போகிறார்கள், நான் ஒரு புல்தரையைக் காவல் காத்துக்கொண்டு குடை பிடித்து நிற்கிறேன்.

"இங்க வெட்டுங்கப்பா" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. கோயில் வாசலில் என் கையைப் பிடித்தானே, அந்தப் பையன் பக்கத்தில் வந்தான். "வேணாம் மாமா. இன்னுங் கொஞ்ச நேரம் ஒடச்சிப் பாக்குறோம்."

"பொழுது போவுது. வெட்டுங்க."

அப்போதும் அவர்கள் நின்றார்கள். குடையை அவன் கையில் கொடுத்துவிட்டு மண்வெட்டியை வாங்கினேன். என் மனைவியின் சிலுவைக்கு மேற்கே முதல் வெட்டை நான்தான் போட்டேன். மண் அப்படியே வந்தது, கல்லே இல்லை. அவ்வளவு நல்ல மண். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாகவே அழுதேன். பிறகு அவர்கள் என்னை நகர்த்திவிட்டு மளமளவென்று இறங்கினார்கள். கிழக்கே, என் மனைவி பக்கத்துச் சுவரை அவர்கள் ஜாக்கிரதையாக வெட்டினார்கள், நான் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டேன்.

பெட்டி வந்தபோது வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மகனும் மகளும் மண் போட்டார்கள். பிள்ளைகள் போட்ட பிறகு வரிசைச் சொந்தம் போட வேண்டும். பெரியவரின் வீட்டம்மா போட்டார். போதகர் என்னைப் பார்த்தார். ஈஸ்டருக்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசாத நான், குழியின் விளிம்பில் குனிந்து ஒரு பிடி மண்ணைப் போட்டு, "அண்ணியப் பாத்துக்கம்மா" என்றேன்.

எல்லோரும் போன பிறகு அவள் மகன் என்னோடு நடந்து வந்தான். "இனிமே நம்ம வரிசைச் சொந்தம் மாமா" என்றான். வீட்டு வாசல்வரை வந்து விட்டுவிட்டு, அழுத கண்ணோடு எதிர்வீட்டுக்குள் போனான். நான் கதவைத் திறந்தேன். டிவியை அணைக்காமல் போயிருக்கிறேன். யாரோ சமையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அணைத்துவிட்டு இருட்டும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி வரும் என்று கோயிலில் சொல்வார்கள். எனக்கு வரவில்லை. இடத்தைப் பறிகொடுத்த மாதிரிதான் இருந்தது. இனி அவள் பக்கத்தில் நான் இல்லை. இருக்கும்போதும் இல்லை, போன பிறகும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். தரை கூட்டாமல் கிடந்தது, யார் கூட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை. வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்தது. நான் பாடவில்லை, ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆராதனையிலும் செல்போனை அணைக்காத காண்டிராக்டர் இருந்தார், அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. சர்க்கரை வியாதியில் ஒரு விரலை எடுத்த டெய்லர் இருந்தார். பெரியவரின் வீட்டம்மா இருந்தார். போன மாதம் மீன்சுருட்டியிலிருந்து குடிவந்த, பேர்கூட எனக்குச் சரியாகத் தெரியாத ஒரு கணவன் மனைவி. கருவையை வெட்டி ஆரம்பிக்கப்போகிற புது வரிசையில், இவர்களில் யாரோ ஒருவர் பக்கத்தில்தான் நான் படுக்கப்போகிறேன். யார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அது அந்தக் காண்டிராக்டராகவும் இருக்கலாம்.

ஜெபிப்போம் என்றார் போதகர். எல்லோரும் தலை குனிந்தார்கள். எனக்கு அன்றைக்கு ஒரே ஒரு ஜெபம்தான் வந்தது. யாராக இருந்தாலும் சரி ஆண்டவரே, கொஞ்சம் பேசுகிற ஆளாகப் பார்த்துக் கொடும்.